விட்டதைப் பிடிக்க முடியுமா?



நமது கூட்டமைப்பின் குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறோம். உறுப்பினர் ஒருவர் ஆடு வாங்க 20,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். ஆடும் வரவில்லை, மூணு தவணையும் வரவில்லை. "வாங்கும்போது இனிச்சுது, கட்டும்போது கசக்குதா?" என்று கூட்டத்திலேயே கேட்டோம். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்துக்கு வரவே இல்லை.

ஊக்குநரும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. கடன் பணத்தை வீட்டுக்காரர் சூதாட்டத்தில் விட்டிருந்தார். காதுத் தோடு அடகில். "குடிச்சிருந்தா நாத்தத்துல தெரிஞ்சிருக்கும். இது ஒண்ணுமே தெரியலையேக்கா" என்று அழுதார். அவசரப்பட்டுப் பேசிட்டோமே என்று எங்களுக்கு மனசு கஷ்டமாகிப் போச்சு.

சட்டம் இருக்கே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. பக்கத்துக் கேரளாவில் அரசே லாட்டரி நடத்துகிறது. ஆனால் அந்தச் சீட்டை இங்கே விற்பது குற்றம். செல்போனில் காசு கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது.

நாம் சொன்ன அந்த வீட்டுக்காரர் முதலில் போனில் ரம்மி ஆடினார். அது நின்றதும் திருட்டுத்தனமாக விற்கும் மூணு நம்பர் லாட்டரிக்குப் போய்விட்டார். கடையை மூடினாலும் மனசில் உள்ள ஆசை மூடவில்லை.

ஒரு கணக்குப் போடுவோமா?

மூணு நம்பர் என்றால் 000 முதல் 999 வரை மொத்தம் 1,000 எண்கள். உதாரணத்துக்கு ஒரு சீட்டு 30 ரூபாய் என்று வைப்போம். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு எண் வாங்கினால் 30,000 ரூபாய் சேரும். ஒருத்தருக்குப் பரிசு 15,000. மீதி 15,000 விற்றவன் பையில். 999 பேருக்கு வெறும் கை. தினம் ஒரு சீட்டு வாங்கினால் வருஷத்துக்கு 10,950 ரூபாய். அந்தப் பணம் சேமிப்பில் இருந்தால் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகுமே!

"ஒரு நம்பர்ல போச்சு, அடுத்த தடவை நிச்சயம்" என்பார்கள். நேற்று என்ன எண் வந்தது என்பது இன்றைய குலுக்கலுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒன்றுதான். முதலில் கிடைக்கிற சின்ன ஜெயிப்புதான் பெரிய ஆபத்து. சூதுக்கென்றே ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், அந்த ஜெயிப்பை மீன் விழுங்கிய தூண்டில் என்கிறார்.

இது கெட்ட குணமா, நோயா?

ஆடுகிற எல்லோரும் அடிமையாவதில்லை. ஆனால் சிலருக்கு நிறுத்த நினைத்தாலும் முடிவதில்லை. இதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குடிப்பழக்கம் போலவே இதற்கும் சிகிச்சை உண்டு. ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும்.

அடையாளங்கள் இவை:
- விட்டதைப் பிடிக்க மறுபடி மறுபடி ஆடுவது
- வரவர அதிகப் பணம் வைப்பது
- போனை மறைப்பது, ராத்திரி தூங்காமல் இருப்பது
- காரணம் சொல்லாமல் கடன் கேட்பது, நகை காணாமல் போவது
- நிறுத்தச் சொன்னால் எரிந்து விழுவது

நாம் என்ன செய்யலாம்?

1. கடனை மறைக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு, யாரிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
2. உங்கள் வங்கிக் கணக்கு, ஏடிஎம் கார்டு, ரகசிய எண் உங்களிடமே இருக்கட்டும்.
3. சூதாட்டக் கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்காதீர்கள். கடன் அடைந்ததும் மறுபடி ஆடக் கை துறுதுறுக்கும்.
4. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.
5. "செத்துப் போறேன்" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

குழு என்ன செய்தது?

அந்தச் சகோதரி வீட்டுக்காரரின் கடனை அடைக்க இன்னும் 10,000 கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை. சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய கடனுக்குத் தவணையைப் பாதியாகக் குறைத்து, காலத்தை நீட்டித் தீர்மானம் எழுதினோம். கூட்டத்தில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டோம். மருத்துவமனைக்கு இரண்டு பேர் கூடப் போனோம்.

வீட்டுக்காரர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். நடுவில் ஒரு முறை மறுபடி சீட்டு வாங்கினார். ஆனால் இந்தத் தடவை அவரே வந்து சொன்னார். தவணை தவறாமல் வருகிறது. ஆடு இன்னும் வாங்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் குழுவில் யாராவது தவணை கட்டாமல் தலை குனிந்து உட்கார்ந்தால், கூட்டத்தில் கேட்பதற்கு முன்னால் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். விட்ட பணத்தைப் பிடிக்க முடியாது. விடாமல் பிடித்தால் குடும்பத்தைக் காப்பாற்றலாம்.