அலுமாரியில் நிற்கும் சுப்பர்மான்



"இந்தப் பொம்மைக்கு இவ்வளவு காசா?" என்று பிள்ளைகளிடம் கேட்காத பெற்றோர் எங்களில் குறைவு. ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அது விளையாட்டுச் சாமான் அல்ல. ஆளில் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்த உருவம். ஆறடி நடிகர் ஓரடி ஆகிறார். முகச்சுருக்கமும் உடையின் தையலும் படத்தில் உள்ளபடியே இருக்கும். ஹொங்கொங்கின் ஹொட் ரோய்ஸ் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. அந்த உடைகளையே தங்கள் அளவுக்குத் தைத்து அணிந்து வருபவர்களை மொன்றியல் கொமிக்கொன் விழாவில் காணலாம்.

சுப்பர்மானையே எடுங்கள். அவரை வரைந்த ஜோ ஷஸ்டர் 1914இல் ரொறன்ரோவில், குடியேறி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் கதை எழுதிய ஜெரி சீகலும் 1938இல் உரிமையை 130 டொலருக்கு விற்றார்கள். கதையில் சுப்பர்மான், தன் உலகம் அழிந்தபோது பெற்றோர் வேறு உலகுக்கு அனுப்பிவைத்த குழந்தை. எங்களுக்கு இது புதிய கதையா?

வாங்கினால் பெட்டியையும் பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள். விற்க நேர்ந்தால் அவை இருந்தால்தான் நல்ல விலை. வெயிலும் ஹீற்றர் சூடும் படாமல் வையுங்கள்; நிறம் மங்கும், பிளாஸ்ரிக் பிசுபிசுக்கும். செலவுக்கு எல்லை போடுங்கள். அதற்கு முன், "இது யார்?" என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.