மலையிலிருந்து படித்த மூன்று புத்தகங்கள்

கடந்த சில மாதங்களில் நாங்கள் மூன்று புத்தகங்களைப் படித்தோம். ஒன்று நாவல், ஒன்று தன்வரலாறு, ஒன்று கட்டுரை நூல். மூன்றுமே பழையவை. சித்தேரி மலைக்குப் புத்தகம் ஏறிவர நாளாகும். அரூருக்கு இறங்குகிறவர்கள் வாங்கி வந்தால்தான் உண்டு. வந்த ஒரு பிரதி நாலு வீடு சுற்றும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காக, எங்களுக்குத் தோன்றியதைக் குறையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் ச.பாலமுருகன் எழுதிய ‘சோளகர் தொட்டி’. மனித உரிமை வழக்கறிஞரான அவரது இந்த நாவல் 2004-ல் வெளிவந்தது. தமிழக, கர்நாடக எல்லைக் காட்டில் வாழும் சோளகர் பழங்குடியினரின் ஊர்தான் தொட்டி. முதல் பாதியில் அவர்களின் காடு, விவசாயம், தெய்வம், நிலம் பறிபோகிற விதம் ஆகியவை வருகின்றன. பின்பாதியில், வீரப்பனைத் தேடுவதாகச் சொல்லி அதிரடிப்படை முகாம்களில் நடந்த சித்திரவதை வருகிறது.

சோளகர் வேறு, மலையாளிப் பழங்குடிகளான நாங்கள் வேறு. ஆனாலும் சீருடையைக் கண்டதும் ஊர் அடங்கிப்போகிற பயம் எங்களுக்கும் தெரிந்ததுதான். முதல் பாதியே நாவலின் பலம் என்பது எங்களில் பலரின் கருத்து. பின்பாதியில் அடிமேல் அடியாக வருவதால் மனிதர்களின் முகம் மங்கிவிடுகிறது. சிலர் இதை ஏற்கவில்லை. நடந்ததைக் குறைத்து எழுதினால் அது பொய்யாகிவிடும் என்றார்கள். அதுவும் நியாயமாகவே பட்டது.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு வாச்சாத்தி நினைவுக்கு வந்தது. அந்த ஊர் சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டனர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் வாய்திறந்து சாட்சி சொல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

வாச்சாத்தி நடந்த அதே 1992-ல்தான் பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது. ஊரில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிறுமி பாமா சிரிக்கிறார். தன் கை பட்டால் தீட்டு என்று அவர் அப்படிக் கொண்டுவருகிறார் என அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. பிறகு அவர் கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறுகிறார். சில இடங்களில் சொன்னதே திரும்ப வருகிறது, காலவரிசையும் இல்லை. ஆனால் வீட்டில் பேசுகிற தமிழிலேயே ஒரு புத்தகம் எழுதலாம் என்பதை இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மூன்றாவது, அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’. 1936-ல் லாகூரில் பேசுவதற்காக எழுதிய உரை இது. அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால், அம்பேத்கர் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று அவர் காட்டும் இடத்தை இரண்டு முறை படித்தோம்.

ஒரு பகுதியில் மட்டும் மனம் நின்றுவிட்டது. பழங்குடியினரை நாகரிகம் அடையாதவர்கள் என்று அவர் குறிப்பிடுகிறார். அவர்களைச் சாதி இந்துக்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கேட்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார். அது அந்தக் காலத்துச் சொல் என்பதும் புரிகிறது. ஆனாலும் மலையில் உட்கார்ந்து படிக்கும்போது வலிக்கிறது. அதற்காகப் புத்தகத்தை மூடிவைக்கத் தேவையில்லை. எதையும் அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கச் சொன்னவரும் அவர்தானே!

படித்து முடித்தபின் எங்களுக்கு ஒன்று உறைத்தது. சோளகரின் கதையை அவர்கள்மேல் அக்கறை கொண்ட ஒரு வழக்கறிஞர் எழுதினார். பாமாவின் கதையைப் பாமாவே எழுதினார். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் தருமபுரி மாவட்ட மலையாளிகளும் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவர்கள் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள், அன்று அந்த வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்பதெல்லாம் இந்த மலைக்குத்தான் தெரியும்.

அதை இங்குள்ள பிள்ளைகள்தான் எழுத வேண்டும். நாவலாகத்தான் எழுத வேண்டும் என்றில்லை. பாட்டி சொல்வதை, பெயரும் ஆண்டும் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும்.