மரம் அறுக்கும் மெஷினும் உங்கள் காதும்



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, சத்துணவு இவைதான் உடனே நினைவுக்கு வரும். ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவேண்டும் என்பதும் குடும்ப நலத்தில் சேர்ந்ததுதான். மரம் வெட்டவும், கிளை கழிக்கவும், மர வாடியில் அறுக்கவும் போகிறவர்களுக்கும், அவர்களோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

சின்ன காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரருக்கு வரதராஜப் பெருமாள் கோயிலும் பட்டுத் தறியும்தான் தெரியும். ஆனால் ஊரைச் சுற்றிலும் புளி, வேம்பு, சீமைக்கருவேலம் என்று மரவேலை ஓயாமல் நடக்கிறது. முன்பு கோடாலியும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் வாளும் இருந்தன. அவற்றால் தோள் வலித்தது, காது கெடவில்லை. இப்போது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் வந்துவிட்டது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமெல்லாம் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது, சாலையைத் திறந்து விட்டதும் இந்த மெஷின்தான். அதன் உபகாரத்தை யாரும் மறுக்கமுடியாது. ஒரு நாள் வேலையை ஒரு மணியில் முடிக்கிறது. அதற்குக் கூலியாக அது கேட்பது உங்கள் காதை.

"தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவங்க நாங்க, எங்க காது தாங்கும்" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு. கைத்தறியில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் நூல் இழைக்கும் மனைவி சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குக் கேட்கும். ரம்பம் ஓடும்போது கேட்குமா? ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் நீங்கள் கத்திப் பேசவேண்டி இருந்தால், அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் சத்தம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை.

காது எப்படிக் கெடுகிறது?

செவிப்பறையைத் தாண்டி, மூன்று குட்டி எலும்புகளையும் தாண்டி உள்ளே போனால், நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிர் போன்ற நுனி உள்ள செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. இவை நெற்பயிர் மாதிரி. காற்று அடித்தால் பயிர் சாயும், பிறகு நிமிரும். நாள் தவறாமல் மாடு புகுந்து மிதித்தால் நிமிராது. ரம்பத்தின் சத்தம் மாடு புகுந்த மாதிரிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கிறது, உள்ளே "கொய்ங்" என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கிறது, காலையில் சரியாகிவிடுகிறது என்றால் பயிர் சாய்ந்து நிமிர்கிறது என்று அர்த்தம். தினமும் இப்படி நடந்தால் சில செல்கள் நிமிராமலே செத்துப்போகும். நெல்லாக இருந்தால் அடுத்த பட்டத்தில் மறுபடி நடலாம். இந்தப் பயிருக்கு ஒரே நடவுதான், அது தாயின் வயிற்றில் நடந்து முடிந்துவிட்டது. செத்த செல்லை முளைக்க வைக்க மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை, டானிக்கும் இல்லை. அப்படி ஒன்று விற்கிறேன் என்று யாராவது சந்தையில் சொன்னால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வலி இல்லாமல் கெடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. காலில் கோடாலி பட்டால் ரத்தம் வரும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். காதில் ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. "முதல்ல கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு" என்கிறார்களே, அந்தப் பழக்கம் என்பதே பல பேருக்குக் கேட்கும் சக்தி குறைந்துவிட்டதற்கு அடையாளம்.

அதுவும் ஒரேயடியாகப் போவதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகளே முதலில் போகும். பறையும் தவிலும், லாரியின் உறுமலும், ஆண்களின் கட்டைக் குரலும் நன்றாகவே கேட்கும். குழந்தையின் மழலையும் மனைவியின் மெல்லிய குரலும் மங்கும். பேச்சில் அ, ஆ போன்ற ஒலிகள் கேட்கும், ச, த, ட, ப, க போன்ற ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பும். "பத்து" என்றால் "பட்டு" என்று காதில் விழும். "கடையில பத்து ரூபா பாக்கி இருக்குங்க" என்று மனைவி சொல்ல, "பட்டுக்கு ஏதுடி பாக்கி?" என்று கணவர் கேட்க, அங்கே சிரிப்பு வரும். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் சிரிப்பு வராது. "நான் சொன்னா மட்டும் இவருக்குக் காதுல விழாது" என்று மனைவி நினைக்கிறார். "இவ வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறா" என்று கணவர் நினைக்கிறார். இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லை. குற்றம் மெஷின் சத்தத்தினுடையது. இது தெரியாமலே எத்தனையோ வீட்டில் பேச்சு குறைந்துபோகிறது.

ஆகவே தாய்மார்களே, இந்தக் குறையை முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர் டாக்டர் அல்ல, நீங்கள்தான். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாமல், முகம் பார்த்துப் பேசினால் மட்டும் பதில் சொல்கிறாரா? டிவியை மற்றவர்களுக்குத் தாங்காத அளவு சத்தமாக வைக்கிறாரா? கல்யாண வீட்டில், கூட்டத்தில், பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி உட்காருகிறாரா? போனை ஒரே காதில்தான் வைக்கிறாரா? இரவு தூங்கப் போகும்போது காதில் இரைச்சல் என்கிறாரா? இவற்றில் ஒன்று இரண்டு இருந்தாலும் காதைப் பரிசோதிக்கவேண்டும். சண்டை பிடிக்கவேண்டாம். ஊரில் "செவிடன்" என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பல ஆண்கள் இதை மறைக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும்?

சத்தத்தை டெசிபல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். ரம்பத்தைப் பிடித்திருப்பவர் காதருகே 100க்கு மேல், 110 வரையும் போகும். 60க்கும் 110க்கும் இரண்டு மடங்குகூட இல்லையே என்று எண்ணவேண்டாம். இந்தக் கணக்கில் 3 ஏறினாலே சத்தத்தின் வேகம் இரட்டிப்பாகிறது. அமெரிக்காவின் தேசிய தொழில் நல நிறுவனம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. 100 டெசிபலில் கால் மணி. 110இல் ஒன்றரை நிமிஷம்! ரேஷன் கடையில் அளந்து கொடுப்பது போல, காதுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது. ஒரு புளியமரத்தைச் சாய்ப்பதற்குள் ஒரு வாரத்து அளவும் தீர்ந்துபோகும்.

இதற்கு மருந்து இல்லை, தடுப்பு உண்டு. இரண்டு காதையும் கிண்ணம் போல மூடிக்கொள்ளும் காது மூடி (கடையில் 'இயர் மஃப்' என்று கேளுங்கள்) வாங்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டோடு சேர்ந்து வருவது மரவேலைக்கு இன்னும் நல்லது, மேலிருந்து கிளை விழுந்தாலும் தலை தப்பும். சங்கிலிக்கும் ஆயிலுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம், காதுக்கு மட்டும் ஏன் கணக்கு?

ஃபோம் தக்கையும் வைத்துக்கொள்ளலாம், அது இன்னும் மலிவு. ஆனால் சரியாக வைக்கத் தெரியவேண்டும். கையை முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், மரப்பாலும் ஆயிலும் பட்ட விரலோடு காதைத் தொடாதீர்கள். தக்கையை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது உப்பும்வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை. காதில் சீழ் வடிகிறவர்கள் தக்கை வைக்கவே கூடாது. அவர்கள் டாக்டரைப் பார்த்து, மூடிதான் போடவேண்டும்.

சாதாரணப் பஞ்சு அடைத்துக்கொள்வதும், துண்டை முண்டாசாகக் கட்டிக்கொள்வதும் இந்தச் சத்தத்துக்கு ஈடு கொடுக்காது. ரம்பச் சத்தத்தை மறைக்கக் காதில் செல்போன் பாட்டைச் சத்தமாக வைக்கிற இளைஞர்கள் சத்தத்தின் மேல் சத்தம் ஏற்றுகிறார்கள்.

நல்ல மூடி போட்டாலும் சத்தம் அடியோடு மறைவதில்லை. 110 என்பது 90 பக்கம் இறங்கினால் அதுவே நல்ல லாபம். ஆகையால் மெஷினை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். சங்கிலியைக் கூர் தீட்டி வைத்தால் அறுக்கிற நேரம் குறையும். சைலன்சர் உடைந்திருந்தால் மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

"காதை மூடிக்கிட்டா, மரம் சாயும்போது 'ஏய், தள்ளு!'ன்னு கத்தறது எப்படிங்க கேட்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெஷின் ஓடும்போது மூடி இல்லாத காதுக்கும் அந்தக் கத்தல் கேட்பது அபூர்வம் என்பதே உண்மை. குரலை நம்பி மரம் சாய்க்கவே கூடாது. வேலை தொடங்குமுன் கை சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சிவப்புத் துணியோடு, அறுக்கிறவர் கண்ணில் படும்படி நிற்கட்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கட்டும். காது முன்பே கெட்டுப்போனவருக்கு மெஷினை நிறுத்திய பிறகும் கத்தல் கேட்பதில்லை. அந்த நேரத்தில் கேட்காத காது உயிருக்கே உலை வைக்கும்.

தூரம் காதுக்கும் நல்லது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறைகிறது. கூடவே போய்ச் சுள்ளி பொறுக்கி, விறகு கட்டுகிற பெண்கள் அறுப்பு முடியும்வரை தள்ளி இருங்கள், அல்லது நீங்களும் மூடி போடுங்கள். பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐந்தாம் மாதத்தையொட்டி வயிற்றிலுள்ள குழந்தையின் காது ஒலியை வாங்கத் தொடங்குகிறது. வளைகாப்பில் வளையல் குலுங்க அடுக்குகிறோமே, அது குழந்தைக்கும் கேட்கும். ரம்பத்தின் சத்தமும் அப்படித்தான் உள்ளே போகும். தாய் காதை மூடிக்கொண்டால் தாய்க்குத்தான் பாதுகாப்பு, வயிற்றுக்கு மூடி போட முடியாது. ஆகவே கர்ப்பமாக இருக்கும்போது மெஷின் ஓடும் இடத்துக்கும் மர மில்லுக்கும் வேலைக்குப் போகவேண்டாம்.

கையையும் கவனியுங்கள். ரம்பம் அதிர்வதால் சிலருக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். பின்லாந்து நாட்டில் காட்டுத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்காகப் பரிசோதித்தபோது, இப்படி விரல் வெளுத்தவர்களுக்குக் காதும் மற்றவர்களைவிட அதிகமாகக் கெட்டிருந்தது தெரியவந்தது. பீடி, சிகரெட்டும் காதுக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஓய்வு நாளில் காதுக்கும் ஓய்வு கொடுங்கள். வைகாசியில் கருட சேவைக்குப் போங்கள், பெருமாளைச் சேவியுங்கள், ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியிலும் வெடிக்குப் பக்கத்திலும் மட்டும் நிற்கவேண்டாம்.

கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு எதையும் காதில் விடாதீர்கள். காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். சில சமயம் கேட்காததற்குக் காரணம் வெறும் குறும்பியாகவே இருக்கும், அதை டாக்டர் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இது எல்லாருக்கும் பொருந்தாது, பார்த்தால்தான் தெரியும்.

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காது கேளாமையைத் தடுப்பதற்கென்றே 2007இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. குறை நிரந்தரமாகிவிட்டிருந்தால் காது மெஷின் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாதவர் இதற்கு ஏன் வெட்கப்படவேண்டும்? கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் விண்ணப்பித்தால் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்றும் பெறலாம். தொழிலால் வரும் நோய்களின் சட்டப் பட்டியலில் சத்தத்தால் வரும் காது இழப்பும் உண்டு. ஆனால் நாளுக்கொரு தோப்பில் கூலிக்கு அறுக்கிறவர் எந்த முதலாளியிடம் போய் இழப்பீடு கேட்பது? அதனால்தான் காது மூடிக்கு இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

காதுப் பரிசோதனை வலிக்காது. அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்பி, கேட்டால் சொல்லச் சொல்வார்கள், அவ்வளவுதான். முதல் நாள் மதியத்துக்கு மேல் மெஷினைத் தொடாமல் மறுநாள் காலையில் வாருங்கள், இல்லாவிட்டால் களைத்த காதின் கணக்குதான் கிடைக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். வீட்டில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று டாக்டர் கேட்கும்போது, பாதிப் பதில் மனைவிக்குத்தான் தெரிந்திருக்கும்.