உப்பு மாறும் வாவியும் ஒரே கருவியும்

மட்டக்களப்பு வாவியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரு தன்மையதாய் இருப்பதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியிலே, வடகீழ்ப் பருவமழை பொழியுங்கால் ஆற்று நீரும் வயல் நீரும் வந்து நிறைகின்றன. முகத்துவாரத்து மணற்றிடல் உடைந்தபின் கடல்நீர் உட்புகுந்து உவர்ப்பேற்றுகின்றது. மீனும் இறாலும் வாழும் இந்நீரின் அமிலத் தன்மையை ஆய்வுகூடத்தில் அளத்தல் எளிதன்று.

அமில, காரத் தன்மைகளை எண்ணாற் குறிக்கும் பீ.எச். அளவையை, 1909 ஆம் ஆண்டிலே கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் வகுத்தார். 1934 இல் அமெரிக்கரான பெக்மன், எலுமிச்சஞ் சாற்றின் புளிப்பை அளப்பதற்கு, கண்ணாடி மின்வாய் பொருந்திய கருவியொன்றை அமைத்தார். சாற்றிற் கலந்திருந்த கந்தகவீரொட்சைட்டு நிறங்காட்டிகளை வெளிற்றிவிட்டமையால் அக்கருவி வேண்டப்பட்டது. அளத்தற்கரிய ஒரு கரைசலின் பொருட்டே அது பிறந்தது எனலாம்.

ஆயினும், கருவி அமிலத்தை நேரே அளப்பதில்லை. இரு மின்வாய்களிடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாட்டையே அளக்கின்றது. பீ.எச். தெரிந்த தாங்கற் கரைசலோடு ஒப்பிட்டே அது எண்ணைச் சொல்கின்றது. ஒப்பிடப்படும் இரண்டும் உப்பின் அளவில் ஒத்திருந்தாலன்றி அவ்வொப்பீடு செல்லாது. வழமையான தாங்கற் கரைசலிலும் பார்க்கக் கடல்நீரில் அயன்கள் பன்மடங்கு மிகுதி. மின்வாயிலிருந்து நுண்துளை வழியே கசியும் பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசல் அந்நீரைச் சந்திக்குமிடத்தில் எழும் அழுத்தம், தாங்கற் கரைசலில் எழுவதனின்றும் வேறாகி எண்ணிற் கலந்துவிடுகின்றது. மழைக்கால நன்னீரிலோ அயன்கள் அரிதாதலால் எண் நிலைகொள்ளாது அலையும். அடிச்சேற்றிலுள்ள சல்பைட்டு, மின்வாயின் வெள்ளியோடு கூடிக் கரிய படிவாய் நுண்துளையை அடைத்துவிடவுங் கூடும்.

கடல்நீரில் இவ்வழு 0.1 அலகை எட்டலாம். அற்பந்தானே என்று தள்ளலாமோ? பீ.எச். 0.1 குறைந்தால் ஐதரசன் அயன்கள் நூற்றுக்கு 26 பங்கு கூடினவென்பது பொருள். கைத்தொழிற் புரட்சிக்குப் பின் உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரில் நேர்ந்த வீழ்ச்சியும் ஏறத்தாழ இவ்வளவே. மீன்களுக்கு நஞ்சாகும் அமோனியாவின் பங்கும் இவ்வெண்ணைப் பற்றியே ஏறியிறங்குகின்றது. கருவியின் வழுவை நீரின் மாற்றமெனக் கொண்டால் முடிவு முழுவதும் பிழைத்துவிடும்.

பரிகாரம் உண்டு. உவர்நீருக்கு, அதனளவு உப்புடைய செயற்கைக் கடல்நீரில் ஆக்கிய தாங்கற் கரைசலையும், நன்னீருக்கு அயன் குறைந்த கரைசலையும் கொள்ளல் வேண்டும். சேற்று நீருக்கு இரட்டைச் சந்தியுடைய மின்வாய் தகும். காபனீரொட்சைட்டு வெளியேறாதபடி மாதிரியை நிரம்ப மூடிவைத்து, தாங்கற் கரைசலின் வெப்பநிலையிலேயே அளத்தல் நன்று.

எண்ணுக்கு அருகே உவர்ப்பும், வெப்பநிலையும், ஒப்பிட்ட கரைசலின் பெயரும் குறிக்கப்படுதல் இன்றியமையாதது. மாரிகாலத்து வாவியையும் கோடைகாலத்து வாவியையும் பின்வருவோர் ஒப்பிட்டு நோக்குவதற்கு அக்குறிப்பே துணையாகும்.