98 நாள் முடிந்தபின் குழந்தை யார் கையில்?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடை. அங்கே விற்பனைக்கு நிற்கும் பெண் ஒருவர் கருவுற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். கடையில் மொத்தம் மூன்றே பேர் வேலை செய்கிறார்கள். இவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் பேறுகால விடுப்பு 98 நாள், சம்பளத்துடன். அதற்கு முன் 60 நாள்தான். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் அந்தப் பழைய எண்ணை ஒருவழியாக நகர்த்தியது. இந்த விடுப்பு சம்பள வரம்பு பாராமல் எல்லாப் பெண் ஊழியர்களுக்கும் உண்டு. பேற்றுக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருந்தால் சம்பளமும் உண்டு. ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருந்தால் விடுப்பு கிடைக்கும், சம்பளத்துக்கு உரிமை இல்லை. கருவுற்றிருக்கிறார் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. நிறுத்தினால் காரணம் வேறு என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. தந்தைக்கு ஏழு நாள் தொடர் விடுப்பு, சம்பளத்துடன். அரசு ஊழியர்களுக்கு முன்பே இருந்த இந்த உரிமை தனியார் துறைக்கு அப்போதுதான் சட்டமாக வந்தது.

98 நாள் என்றால் 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறைந்தபட்சமாக வைத்த அளவு அதுதான். ஐரோப்பாவின் பொதுச் சட்டம் அதே 14 வாரத்தை 1992இலேயே உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. நாம் முப்பது ஆண்டு கழித்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். தாமதம் என்றாலும் நல்ல செய்தியே.

ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது யார்? நம் நாட்டில் முதலாளி. 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு 98 நாளைக்கு ஏறக்குறைய 5,500 ரிங்கிட். பெரிய வங்கிக்கு இது ஒரு பொருட்டில்லை. மூன்று பேர் வேலை செய்யும் கடைக்காரர், அதே வேலைக்கு இன்னோர் ஆளையும் வைத்துக்கொண்டு, இதைத் தன் கல்லாவிலிருந்து எடுத்துத் தர வேண்டும். அதனால்தான் வேலைக்கு ஆள் எடுக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை வைத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்ற கேள்விகள் எழுகின்றன. பெண்ணைக் காக்க வந்த சட்டமே அவளை வாசலில் நிறுத்தும் காரணமாகவும் ஆகிவிடுகிறது.

ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலைக் காப்புறுதியால் தீர்த்தன. எல்லா முதலாளிகளும், பல நாடுகளில் தொழிலாளர்களும், சம்பளத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதியில் செலுத்துகிறார்கள். பேறுகாலச் சம்பளம் அந்த நிதியிலிருந்து வருகிறது. குழந்தை பெறுபவர் எந்தக் கடையில் வேலை செய்தாலும் செலவு எல்லோர் தலையிலும் பகிரப்படுகிறது. நம்மிடம் இதற்கான ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு வேலை விபத்துக்கு இப்படித்தான் பணம் கொடுக்கிறது. 2018 முதல் வேலை இழந்தோருக்கும் கொடுக்கிறது. 2022இல் இல்லத்தரசிகளையும் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் சேர்த்துக்கொண்டது. விபத்துக்கும் வேலையிழப்புக்கும் பொதுநிதி இருக்கும்போது பேற்றுக்கு மட்டும் ஏன் கூடாது? இந்தத் துறையில் இனி நடக்க வேண்டிய முதல் மாற்றம் இதுவென்று நான் நம்புகிறேன்.

குடும்பக் கொள்கை என்றாலே பிள்ளை எண்ணிக்கை என்று அரசுகள் நினைத்த காலம் ஒன்று உண்டு. 1939இல் பிரான்சு குடும்பச் சட்டத் தொகுப்பு கொண்டுவந்தபோது அதன் பின்னால் இருந்தது மக்கள்தொகை குறைகிறதே என்ற அச்சம். மலேசியா முதலில் எதிர்த்திசையில் போனது. 1966இல் குடும்பத் திட்டச் சட்டம் வந்தது, அதன்கீழ் ஒரு தேசிய வாரியம் அமைந்தது. அளவான குடும்பமே அன்றைய முழக்கம். பிறகு 1980களின் தொடக்கத்தில் பிரதமர் மகாதீர் நாட்டுக்கு 7 கோடிப் பேர் வேண்டும் என்றார். அப்போது மக்கள்தொகை ஒன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை. 1984இல் அது அதிகாரப்பூர்வக் கொள்கையாகி, வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. கொள்கை ஒரு பக்கம் இருக்க, குடும்பங்கள் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொண்டன. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஐந்து பிள்ளைகள். இன்று இரண்டுக்கும் குறைவு. மலேசிய இந்தியரிடையே ஒன்றைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

நம் சமூகத்துக்கு இந்தக் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்நாளில் ரப்பர்த் தோட்டத்தில் கணவனும் மனைவியும் விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அதே வேலைக்குப் பெண்ணுக்குக் கூலி குறைவு: 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள், மரம் வெட்ட முடியாத வயதில் ஒரு கிழவி, ஓரத்தில் பால் காய்ச்சும் அடுப்பு. ரப்பர்ப் பாலை எடைபோட்டு முடித்துத் தாய் திரும்பும்வரை பிள்ளை அங்கேதான். அதை யாரும் பொன்னுலகமாக்கிப் பேசக் கூடாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்வைத்த கோரிக்கைகளில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, மேலாட்கள் பெண்களைச் சீண்டுவதற்கு முடிவு ஆகியவையும் இருந்தன. அவை மறுக்கப்பட்டிருந்ததால்தான் கேட்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். வேலை கொடுப்பவனுக்குப் பிள்ளைக் காப்பகம் வைக்கும் கடமை உண்டு என்பது தோட்டத்தில் சட்டமாகவே இருந்தது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம்கூட வேலையிடத்திலேயே குடியிருப்போருக்கு வீட்டோடு காப்பகத்தையும் சேர்த்தே பேசுகிறது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஷா ஆலாம், பூச்சோங், கிள்ளான் பக்கமெல்லாம் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயத்தை விட்ட குடும்பங்கள் அடுக்குமாடிக்கு வந்தன. தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை கிடைத்தது. காப்பகக் கடமை மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் உணவகமோ கிள்ளான் துணிக்கடையோ காப்பகம் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆக, 99ஆம் நாள் காலையில் அந்த விற்பனைப் பெண் பிள்ளையை எங்கே விடுவார்? பாட்டி அருகில் இருந்தால் பாட்டியிடம். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம், அல்லது தஸ்கா எனும் குழந்தைக் காப்பகத்தில்.

தஸ்காக்களுக்கு 1984ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்பவர் சமூகநலத் துறையில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர். விதி நல்ல விதி. ஆனால் அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்தால் கட்டணம் ஏறத்தான் செய்யும். பதிவு பெற்ற இடத்தில் கட்டிய கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. வருமான வரியே கட்ட வேண்டாத 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. பிள்ளையைப் பதிவில்லாத வீட்டில் விடத் தள்ளப்படுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

ஜெர்மனியின் அனுபவம் இங்கே பார்க்கத்தக்கது. மேற்கு ஜெர்மனியில் தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே நெடுநாள் எண்ணம். காப்பகங்கள் மிகக் குறைவு. 2007இல் பெற்றோர் படி வந்தது: குழந்தைக்காக வேலையிலிருந்து விலகியிருக்கும் பெற்றோருக்கு முந்தைய நிகர வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 12 மாதம். மற்றவரும் இரண்டு மாதம் எடுத்தால் மொத்தம் 14. அன்று குடும்ப அமைச்சராக இதை முன்னெடுத்தவர் உர்சுலா வான் டேர் லையன், பின்னாளில் ஐரோப்பிய ஆணையத் தலைவரானவர். 2013 ஆகஸ்டு முதல் ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் சட்டப்படியான உரிமை. கிடைக்கவில்லை என்றால் பெற்றோர் வழக்குப் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். விடுப்பு முடிவதற்கும் காப்பகம் தொடங்குவதற்கும் இடையே பள்ளம் விழாமல் பார்த்துக்கொண்டதுதான் அங்கே நடந்த பெரிய காரியம்.

சுவீடன் 1974லேயே தாய்க்கான விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றிவிட்டது. ஆனாலும் பெரும்பகுதியைத் தாய்மாரே எடுத்தார்கள். 1995இல் ஒரு மாதத்தை மற்றவருக்கு மாற்ற முடியாதபடி ஒதுக்கினார்கள். எடுக்காவிட்டால் வீண். அதன்பிறகுதான் தந்தையர் கூடுதலாக எடுக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த ஒதுக்கீடு ஆளுக்கு 90 நாள். நம் ஏழு நாள் மருத்துவமனைக்கும் பிறப்புப் பதிவுக்கும் அலைவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவு செய்த நாடுகளிலும் பிறப்பு விகிதம் அண்மை ஆண்டுகளில் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே பிள்ளை எண்ணிக்கை கூடும் என்று சொல்லி இந்த உரிமைகளைக் கேட்பது சரியில்லை. பிறந்த பிள்ளைக்குப் பாதுகாப்பான இடமும் பெற்றவளுக்கு அவள் வேலையும் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே கேட்க வேண்டும்.

கருவுற்றிருக்கும் ஊழியர் இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. பேற்று நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள், எதிர்பார்க்கும் தேதியையும் விடுப்புத் தொடங்கும் தேதியையும் முதலாளிக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்காமல் போனால் அறிவிக்கும்வரை சம்பளத்தை நிறுத்திவைக்கலாம். தந்தைக்கான விடுப்புக்குக் கணவர் தம் முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். முதலாளி மறுத்தால் அருகிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம்.