கோழியைத் திட்டாதீங்க சார்!

பரமத்தி வேலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கோழிப்பண்ணைக்குள் நுழைந்து பாருங்கள். ஷெட்டுக்கு ஒரு நோட்டு இருக்கும். இன்றைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை கோழி செத்தது... எல்லாம் அன்றன்றைக்கே ஏறிவிடும். முட்டை குறைந்தால் முதலாளி கோழியைக் கூப்பிட்டு, ‘நீயெல்லாம் உருப்படுவியா?’ என்று கேட்பதில்லை. தீவனத்தைப் பார்ப்பார், தண்ணியைப் பார்ப்பார்.

எங்கள் நாமக்கல் மாவட்டத்து ஹாஸ்டல் பள்ளிகளையும் கிண்டலாகக் ‘கோழிப்பண்ணை’ என்பார்கள். பண்ணைக்காரர்கள் மானநஷ்ட வழக்கே போடலாம்! காலையில் டெஸ்ட், சாயங்காலம் டெஸ்ட். மார்க் குறைந்தால் திட்டு பையனுக்கு, போன் அப்பாவுக்கு. நடத்தின பாடத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம்? மாநில ரேங்க் அறிவிப்பை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நமக்குத்தான் அரிப்பு நிற்கவில்லை.

மார்க்கைவிடத் தப்பு விடைதான் நிறையப் பேசும். 52-ல் 27 போனால்? மூணாங்கிளாஸ் பொடியன் 35 என்கிறான். முட்டை போட்டாச்சு! ஆனால் உற்றுப் பாருங்கள்... 2-ல் 7 போகாதே என்று, 7-ல் 2-ஐக் கழித்திருக்கிறான். வகுப்பில் பத்துப் பேர் அதே 35 எழுதியிருந்தால், பத்துப் பேருமா மக்கு? பாடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் நம்மூர் வெற்றிலையைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுங்கள். கட்டு அஞ்சு, உதிரி ரெண்டு. ஒரு கட்டைப் பிரிக்காமல் ஏழு வெற்றிலை எப்படித் தருவான்? ‘கடன் வாங்கிக் கழித்தல்’ விளங்கிவிடும். ஆனால் மறுநாளே நடக்கணும். முழுப் பரீட்சையில் தெரிந்து என்ன பிரயோஜனம்? பையன் நாலாங்கிளாஸ் போய்விட்டானே!

இதை அரசுப் பள்ளிகள் முயன்று பார்க்காமல் இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலியில் பிறந்த ஏணி முறையை, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். செயல்வழிக் கற்றல் என்று பெயர். படிக்கு ஒரு கொத்து அட்டை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தைக்கே தெரியும். அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பிறகு அது மாநிலம் முழுக்கப் போனது. கொரோனா விடுமுறையில் பிள்ளைகள் மறந்ததை மீட்க 2022 ஜூனில் வந்தது ‘எண்ணும் எழுத்தும்’. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம். மதிப்பீடு செல்போன் ஆப்பில்.

வில்லங்கமும் அங்கேதான். டவர் கிடைக்காமல் மாமரத்தடிக்கும் வராந்தாவுக்கும் நடக்கிற ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். 2023-ல் ஆசிரியர் சங்கங்கள் போராடியபோது, ஆப்பில் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்பதும் ஒரு கோரிக்கை. நியாயம்தானே? கணக்குப்பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் ஒரே சம்பளமா!

அந்த ஆசிரியை ஆப்பை மூடிவிட்டுக் கைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். யாருக்கு எந்தக் கணக்கில் என்ன தப்பு... எல்லாம் பென்சிலில்.

“இதை யாருக்கு அனுப்பணும் டீச்சர்?”

“யாருக்கும் இல்ல சார். நாளைக்குக் காலைல எனக்கே வேணும்.”