சுடவா, விடவா? பயந்து நடுங்கும் வீடியோ கேம் எதிரிகள்!

கடம்பத்தூர் ஸ்டேஷன் தாண்டியிருந்தது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் பெட்டியில் பாதி சீட் காலி. திருவாலங்காடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம், நானும் தங்கையும் அவள் மகனும். ஏழாவது படிக்கும் மருமகன் ரயில் ஏறியதிலிருந்து தலையே நிமிரவில்லை. கையில் என் போன். துப்பாக்கிச் சண்டை கேம்.

திடீரென்று அவன் கட்டைவிரல் நின்றது.

"மாமா, இவன் கையைத் தூக்கிட்டான்."

எட்டிப் பார்த்தேன். திரையில் எதிரிப் படைவீரன் ஒருவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டிருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே. உடம்பு நடுங்குகிறது. ஏதோ கெஞ்சுகிறான்.

"பாவம், விட்டுடுடா" என்றேன்.

"விடறதுக்கு பட்டனே இல்லையே மாமா. இவனை முடிச்சாதான் கேட் திறக்கும்."

ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு சுட்டான். கேட் திறந்தது. உள்ளே ஓடினான். ஆனால், அதுவரை 'டேய், வாடா' என்று சத்தம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவன், அதன்பிறகு மணவூர் வரும்வரை பேசவே இல்லை.

கேமில் வரும் எதிரிகள் நிஜ மனிதர்களைப் போல நம்மைக் கண்டு பயப்பட வேண்டுமா? பயந்தால், ஆடுகிறவர் என்ன செய்வது? வேடிக்கையாகத் தெரியும் கேள்விதான். ஆனால், நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் இதற்கு விரலால் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நீலமாக மாறிய பேய்கள்

எதிரி பயந்து ஓடும் காட்சி புதிதல்ல. 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்-மேன்' ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் வட்டம் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். நான்கு பேய்கள் துரத்தும். மூலையில் இருக்கும் பெரிய புள்ளியைத் தின்றுவிட்டால் கதையே மாறிவிடும். பேய்கள் நீல நிறமாகும், சட்டென்று திரும்பும், ஓட ஆரம்பிக்கும். இப்போது நாம் துரத்தலாம். சில நொடிகளில் அவை வெள்ளையாக மின்னும். 'பயம் தெளியப்போகிறது, ஜாக்கிரதை' என்று அர்த்தம்.

அந்தப் பயத்தில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. காரணம், அது ஒரு தகவல். டிராஃபிக் சிக்னல் மாதிரி, இப்போது உன் முறை என்று சொல்கிறது. அவ்வளவுதான். நாம் தின்றாலும் பேயின் கண்கள் மட்டும் தன் கூட்டுக்குப் போய், மறுபடி உருவம் எடுத்து வந்துவிடும்.

பயம் என்பது ஒரு நம்பர்

எதிரிக்குப் பயத்தை எப்படி ஊட்டுகிறார்கள்? உள்ளே பார்த்தால் பெரும்பாலும் ஒரு நம்பர்தான். 'தைரியம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் அது குறையும். தலைவன் செத்தால் இன்னும் குறையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் சண்டை போடும் அசைவுகள் நின்று, ஓடும் அசைவுகள் தொடங்கும். 2000-ல் தொடங்கிய 'டோட்டல் வார்' வரிசை கேம்களில் முழுப் படைப் பிரிவுகளே இப்படித்தான் மனம் உடைந்து களத்தைவிட்டு ஓடும்.

2001-ல் வந்த 'ஹேலோ' கேமில் 'கிரண்ட்' என்ற குள்ளமான வேற்றுக்கிரகச் சிப்பாய்கள் வருவார்கள். அவர்களின் தலைவனை வீழ்த்திவிட்டால் போதும், கையைத் தூக்கிக்கொண்டு கீச்சுக் குரலில் அலறியபடி நாலாபக்கமும் ஓடுவார்கள். பார்க்கச் சிரிப்பு வரும். இங்கே பயம் என்பது நகைச்சுவை.

2009-ல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' வேறு ரகம். இருட்டில் ஒளிந்திருந்து ரவுடிகளை ஒவ்வொருவராக வீழ்த்த வேண்டும். கூட்டாளிகள் காணாமல் போகப் போக, மிச்சமிருப்பவர்கள் பதறுவார்கள், நிழலைப் பார்த்துக்கூட மிரளுவார்கள். பேட்மேனின் சிறப்புப் பார்வையில் அவர்களின் இதயத் துடிப்பையே பார்க்கலாம். இங்கே பயம் ஆடுபவருக்குக் கிடைக்கும் பரிசு. 'என்னைப் பார்த்து நடுங்குகிறான்' என்ற கிளுகிளுப்பு.

அப்படியானால், ஏன் எல்லா கேம்களிலும் எதிரிகள் பயப்படுவதில்லை? நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. பயந்தவன் ஓடுவான். ஓடினால் நாம் மூலை மூலையாகத் தேடித் துரத்த வேண்டும். பத்து நிமிஷத்தில் போரடித்துவிடும். அதனால்தான் பத்துப் பேர் கண்ணெதிரே விழுந்தாலும் பதினோராவது ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக வருகிறான், நம் பழைய சினிமா அடியாட்களைப் போல.

இந்தச் சிக்கலை 2014-ல் வந்த 'மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டார்' சாமர்த்தியமாகத் தீர்த்தது. அதில் எதிரித் தளபதிகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் குணம். சிலருக்கு நெருப்பென்றால் பயம், சிலருக்குக் காட்டு விலங்கென்றால் பயம். பயந்து ஓடிய தளபதி அப்படியே மறைந்துவிட மாட்டான். பின்னொரு நாள் எதிரே வந்து நின்று, பழைய சண்டையை நினைவுபடுத்தி வம்புக்கு இழுப்பான். இங்கே தப்பவிடுவது வீணில்லை, அடுத்த சண்டைக்கு முதலீடு. நிராயுதபாணியாக நின்ற ராவணனை ராமன் திருப்பி அனுப்பிய கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

ஆற்றில் நடந்து வரும் ஆவிகள்

சில கேம்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. 2004-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 3'-ல் ஓர் இடம். கதாநாயகன் ஓர் ஆற்றில் நடந்து போக வேண்டும். அதுவரை அவன் கொன்றவர்கள் எல்லாம் ஆவியாக எதிரே வருவார்கள். நிறையக் கொன்றவருக்கு ஆறு முழுக்க ஆவி. யாரையும் கொல்லாமல் பதுங்கி வந்தவருக்கு ஆறு ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கும்.

2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' பெரியவர்களுக்கான கேம். அதில் ஒருவன் விழுந்தால் அவன் நண்பன் பெயர் சொல்லிக் கதறுவான். எதிரிகள் வளர்க்கும் நாய்களுக்குக்கூடப் பெயர் உண்டு. ஆடுபவருக்கு உறுத்த வேண்டும் என்றே செய்தது.

ஆனால், உறுத்த வைத்துவிட்டு வழி விடாமல் இருந்தால்? அதுதான் என் மருமகனுக்கு நேர்ந்தது. எதிரி நிஜமாகக் கெஞ்சுகிறான், நமக்கோ சுடும் பட்டன் மட்டும்தான். 2015-ல் வந்த 'அண்டர்டேல்' இதற்கு நேர் எதிர். பார்க்க எளிமையான கேம். வரும் பூதங்களோடு சண்டையும் போடலாம், பேசிச் சமாதானமாகி விட்டும் விடலாம். ஒருவரைக்கூடக் கொல்லாமல் கடைசிவரை ஆடி முடிக்க முடியும்.

ஓடுபவன்மேல் வாள் ஓங்காதே

இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்துக் கவலை என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர்கள் இதை யோசித்து, பெயரும் வைத்துவிட்டார்கள்.

12-ம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், கருணாகரத் தொண்டைமானின் படையிடம் தோற்ற கலிங்க வீரர்கள் தப்பி ஓடும் காட்சி வருகிறது. ஒருவன் தலைமுடியைப் பறித்துக்கொண்டு 'நான் சமணத் துறவி' என்கிறான். ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாகப் போட்டுக்கொண்டு 'கங்கையில் குளிக்க வந்தேன்' என்கிறான். இன்னொருவன் யானை மணியைத் தாளமாக்கிக்கொண்டு 'நான் பாணன்' என்கிறான். ஜெயித்தவன் தோற்றவனின் பயத்தைப் பார்த்துச் சிரிப்பது அன்றே இருந்திருக்கிறது. 'ஹேலோ'வின் கிரண்ட்களுக்கு முப்பாட்டன்கள் இவர்கள்.

அதே தமிழில் புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூல், 'தழிஞ்சி' என்று ஒரு துறையைச் சொல்கிறது. தோற்று முதுகு காட்டி ஓடுகிறவன்மேல் வாளை ஓங்காமல் நிற்பதுதான் தழிஞ்சி. கவனியுங்கள், இதை இரக்கம் என்று அந்த நூல் சொல்லவில்லை. மிகப்பெரிய வீரம் என்கிறது.

ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது வரம்பு போடும் 'பெகி' அமைப்பும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. தற்காத்துக்கொள்ள முடியாத கதாபாத்திரங்கள்மீது வன்முறை காட்டினால், அந்த கேம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற பிரிவுக்குப் போகும்.

நம் நாட்டில் 2021-ல் வந்த பிஜிஎம்ஐ கேமில் ரத்தம் சிவப்பாக இல்லாமல் பச்சையாகத் தெரியும். 'கில்' என்ற சொல்லுக்குப் பதில் 'ஃபினிஷ்' என்று வரும். நல்ல மாற்றங்கள்தான். ஆனால், குழுவாக ஆடும்போது அடிபட்டவன் தரையில் தவழ்ந்து கூட்டாளியைத் தேடிப் போவது அப்படியே இருக்கிறது. அவனை அந்த நிலையில் என்ன செய்வது என்பதை ரத்தத்தின் நிறம் தீர்மானிக்காது. இன்னொன்று, இதுபோன்ற ஆன்லைன் கேம்களில் எதிரே தவழ்வது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பொம்மை அல்ல. எங்கோ ஒரு வீட்டில் இன்னொரு பையன் அல்லது பெண். பொம்மையின் முகத்தில் பயம் தெரியாது. போனைப் பிடித்திருக்கும் கையில் இருக்கும்.

தோற்றவளுக்கு முதல் கும்பிடு

திருவாலங்காட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். காளியும் சிவனும் போட்டி நடனம் ஆடிய ஊர். தல புராணக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆலங்காட்டில் யாருக்கும் அடங்காமல் எல்லோரையும் நடுங்கவைத்த காளி, சிவனுக்குச் சமமாக ஆடுகிறாள். சிவனின் காதணி கீழே விழுகிறது. அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்குமேல் தூக்கிக் காதில் மாட்டுகிறார். காளி நாணித் தலைகுனிந்து ஆட்டத்தை நிறுத்துகிறாள்.

தோற்ற காளியை என்ன செய்தார்கள்? இங்கே அவளுக்குத் தனிக்கோயில் இருக்கிறது. அவளை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமியைக் கும்பிட வேண்டும் என்பது மரபு. தங்கை இதைச் சொன்னதும் மருமகன் நின்றுவிட்டான்.

"தோத்தவங்களையா மாமா முதல்ல கும்பிடணும்?"

"ஆமாண்டா."

பக்கத்தில் இருக்கும் திருத்தணியும் இதே ரகம்தான். சூரனோடு போரிட்ட முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால், கந்த சஷ்டியில் அங்கே சூரசம்ஹாரம் கிடையாது; பூக்களால் அர்ச்சனை நடக்கும். திருச்செந்தூர் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள், யானை முகம், சிங்க முகம் என்று தலை மாறி மாறி வருவான் சூரன். இன்றைய கேம்களில் கடைசி வில்லன் உருவம் மாற்றி மாற்றி வருவதைப் போலவே. ஆனால், முடிவு வேறு. கடலில் மாமரமாக ஒளிந்தவன் இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலுமாகிறான். எதிரியே வாகனம், எதிரியே கொடி.

பயம் இருக்கட்டும், வழியும் இருக்கட்டும்

அதனால், கேமில் எதிரி பயப்படலாமா என்று கேட்டால், தாராளமாகப் பயப்படட்டும் என்றுதான் சொல்வேன். எந்தச் சலனமும் இல்லாமல் வந்து விழும் பொம்மைகளைவிட, பயப்படும் எதிரி நம்மை ஒரு நொடி நிறுத்துகிறான். அந்த ஒரு நொடி நல்லது. ஆனால், பயம் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ, அதற்குப் பதில் சொல்லும் வழியும் அவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும். விட்டுவிடவோ, கைது செய்யவோ, தப்பி ஓட விடவோ ஒரு பட்டன் வேண்டும். கெஞ்ச மட்டும் வைத்துவிட்டு, சுட்டால்தான் கேட் திறக்கும் என்பது எதிரியை அல்ல, ஆடும் பிள்ளையைத்தான் மாட்டிவிடுகிறது.

பெற்றோர் செய்யக்கூடியது சுலபம். பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே 7+, 12+, 16+ என்று வயது போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். பிறகு பத்து நிமிஷம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள். 'எத்தனை பேரை அடிச்சே?' என்று கேட்பதற்குப் பதில், 'அவன் கையைத் தூக்கினா என்ன பண்ணலாம்?' என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் பிள்ளைகள் பேசுவார்கள்.

திரும்பும் ரயிலில் மருமகன் மறுபடி போனைக் கேட்டான். கொடுத்தேன். அதே கேம், அதே இடம். மண்டியிட்ட சிப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தான். சுவரோரம் போய்ப் பார்த்தான். வேறு கேட் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, கேமை மூடி போனை என்னிடம் நீட்டினான்.

"மாமா, விடற மாதிரி பட்டன் இருக்கற கேம் ஏதாவது இருக்கா?"

"இருக்குடா. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல காட்டறேன்" என்றேன்.